பாதியில் நிற்கிற கேம்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் படிப்பு, வேலை, வீடு எல்லாவற்றுக்கும் நடுவில் கேம் செய்கிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும். நானும் பகலில் கணக்கு எழுதிவிட்டு இரவில் கேம் செய்கிற ஆள்தான்.

உயர்தர மாணவர், நகரம்: அண்ணா, கோணேசர் கோயில், கோட்டை, துறைமுகம் எல்லாம் சுற்றித் திரிகிற மாதிரி பெரிய கேம் ஒன்று தொடங்கினேன். இரண்டு கிழமை நித்திரை முழித்துச் செய்தேன். இப்போது லப்டொப்பைத் திறக்கவே மனமில்லை. நான் சோம்பேறியா?

சோம்பேறி இரண்டு கிழமை நித்திரை முழிக்க மாட்டான் தம்பி. லப்டொப்பைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரியில் சொல்லிப் பார். "துறைமுகத்தைச் செய்யணும்" என்றால் அது ஒரு வருச வேலை, இன்றிரவு வேலை இல்லை. ஆர்வம் போய்விட்டது என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எதைத் தொடாமல் தள்ளிக்கொண்டே வருகிறாய்? பெரும்பாலும் ஒரு முடிவு எடுபடாமல் கிடக்கும், அல்லது வேலை வெட்டப்படாமல் முழுசாகக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்தால் ஆர்வத்தைத் தேடிப் போகத் தேவையில்லை.

உன் கேமில் ஒரு துண்டை மட்டும் எடு. பிரட்றிக் கோட்டை வாசல், உள்ளே மான்கள், கையில் அர்ச்சனைத் தட்டு. மான் வாழைப்பழத்தை இழுக்க முதல் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். முதலில் ஒரு திரை, ஒரு மான். ஓடுகிறது என்றால் மூன்று மான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதவே தேவையில்லை. செலஸ்ட் என்கிற கேமின் முதல் வடிவத்தை 2015இல் இரண்டு பேர் நான்கு நாளில், சின்னக் கேம்கள் செய்கிற பிகோ-8 என்ற மென்பொருளில் செய்தார்கள். அதன் திரை 128க்கு 128 புள்ளி, மொத்தம் 16 நிறம். பெரிய கேமாக அது வந்தது 2018இல்.

ஹோட்டல் வரவேற்பு வேலை, உப்புவெளி: சீசனில் வீட்டுக்கு வரவே இரவு பதினொன்று ஆகிறது. தினமும் ஒரு மணித்தியாலமாவது செய் என்கிறார்கள். முடியவில்லை.

தினமும் செய்யத் தேவையில்லை. அந்த அறிவுரை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது. உங்களுக்கு வாடைக்காற்றும் மழையும் வருகிற மாதங்கள்தான் பெரிய வேலைக்கு. சீசனில் கொப்பியும் போனும் போதும்: ஒரு கட்டத்தை வரைந்து பார்ப்பது, கடற்கரையில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்வது. இன்னொன்று: மூடிவிட்டுப் போகும்போது அடுத்த வேலையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். "கதவு திறக்கும் சத்தம் போட வேண்டும்" என்ற அளவுக்குச் சின்னதாக. பத்து நாள் கழித்துத் திறந்தாலும் எங்கே நின்றோம் என்று தேடத் தேவையிராது.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியை, கிண்ணியா: யூனிட்டி என்ற கேம் செய்கிற மென்பொருளில் தொடங்கி, கோடோ என்ற இன்னொன்றுக்கு மாறி, இப்போது வேறொன்றைப் பார்க்கிறேன். மாறுகிற ஒவ்வொரு முறையும் உற்சாகம் வருகிறது. எது நல்லது?

டீச்சர், அந்த உற்சாகம் முதல் கிழமையின் உற்சாகம். எதில் தொடங்கினாலும் வரும், எதிலும் நிற்காது. 2023 செப்டெம்பரில் யூனிட்டி, நாம் செய்த கேம் எத்தனை தடவை நிறுவப்படுகிறதோ அந்தக் கணக்குக்குக் கட்டணம் என்று அறிவித்தபோது நிறையப் பேர் வெளியேறினார்கள். அடுத்த வருசமே அதைக் கைவிட்டது. இலவசப் பதிப்பில் அந்தக் கட்டணம் வர, வருடம் 2 இலட்சம் டொலர் வருமானமும் 2 இலட்சம் நிறுவலும் தாண்டியிருக்க வேண்டும். நாம் எங்கே, அது எங்கே! பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பழைய கணினிகளுக்கு கோடோ வசதி: இலவசம், திறந்த மூலம், பதிவிறக்கமும் சிறியது. ஆனால் இப்போது கையில் இருப்பதை அதிலேயே முடித்துவிட்டு மாறுங்கள்.

தம்பலகாமம்: ஸ்டார்டியூ வலி என்ற பிரபலமான கேமை ஒரே ஆள் செய்தாராமே. நானும் வேலையை விட்டுவிட்டு இறங்கவா?

வேண்டாம். அவர் நான்கு வருசத்துக்கு மேல் செய்தார், உண்மை. இடையில் ஒரு அரங்கில் ஆட்களுக்கு இருக்கை காட்டுகிற பகுதிநேர வேலையும் பார்த்தார். துணைவியின் சம்பளமும் வீட்டைத் தாங்கியது. அந்தப் பகுதியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மூதூர்: நண்பர்களுக்கு அனுப்பினால் "நல்லா இருக்கு மச்சான்" என்கிறார்கள். அதோடு சரி. பிறகு செய்யவே தோன்றவில்லை.

கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், நட்பு அல்லவா. கேட்காமல் பாருங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். ஒன்றும் விளக்கக் கூடாது, "அங்கே அமத்து" என்று சொல்லக் கூடாது. இதுதான் கஷ்டம், வாய் துடிக்கும். அவன் எங்கே தடுக்கி நிற்கிறான், எந்த இடத்தில் சிரிக்கிறான், எப்போது போனைத் திருப்பித் தருகிறான் என்பதை மட்டும் குறியுங்கள். இப்படி ஒருவனைப் பார்த்துவிட்டு வந்த இரவில் வேலை செய்யாமல் படுத்தவர் யாரையும் நான் கண்டதில்லை. அவன் தடுக்கிய இடம்தான் அடுத்த வேலை.

தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இட்ச் (itch.io) என்கிற கேம் தளத்தில் உலாவியிலேயே ஓடுகிற மாதிரி இலவசமாக ஏற்றி, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பலாம். ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடை ஒரு கேமை ஏற்ற 100 டொலர் கேட்கும், இப்போதைக்கு வேண்டாம். முடிக்கிற பழக்கம் வர வேண்டும் என்றால் லுடம் டேர் போன்ற, குறித்த நேரத்துக்குள் கேம் செய்கிற இணையப் போட்டியில் இறங்கிப் பாருங்கள். 2002இலிருந்து நடக்கிறது. தனியாகச் செய்கிற பிரிவில் 48 மணித்தியாலம்தான். கரண்ட் போகிற ஊர், அடிக்கடி சேமியுங்கள்.

ஒரு அம்மா, நிலாவெளி: மகனுக்கு பதினான்கு வயது. எப்போதும் கேம் செய்கிறேன் என்கிறான். தடுக்கவா, விடவா?

அவன் செய்ததை ஒருமுறை விளையாடிப் பாருங்கள் அக்கா. விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். படிக்கிற நேரத்தை அதற்குப் பிறகு பேசினால் கேட்பான்.

நகரம்: ஒரு கேமை எப்போது கைவிடலாம்?

எப்போதும் விடலாம். குற்றவாளி மாதிரி இருக்கத் தேவையில்லை. விடுவதற்கு முன் ஓடுகிற அளவில் ஒரு பிரதியை எடுத்து, "முடியவில்லை" என்று எழுதி ஏற்றிவிடுங்கள். படங்கள், சத்தங்கள் இருக்கிற கோப்புறையை அழிக்க வேண்டாம். அடுத்த கேமுக்கு அந்த மான் தேவைப்படும்.