பூஞ்சை நோய் வந்த செடியை வெயிலில் வைத்தால் சரியாகிவிடுமா?

கேட்டவர் மாடித்தோட்டக்காரராக இருக்க வேண்டும். தக்காளி இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும், பக்கத்து வீட்டு அக்கா "நிழல்ல இருக்கிறதால வந்த பூஞ்சை, வெயில்ல வை, செத்துடும்" என்று சொல்லியிருப்பார்.

இந்த "வெளிச்சம் பட்டால் செத்துடும்" நம்பிக்கையால் முதுகலையில் நான் பட்ட பாடு இருக்கிறதே! என் ஆய்வே அந்த வளையப் புள்ளியை உண்டாக்கும் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை மேல்தான். இருட்டு இன்குபேட்டரில் வைத்தால் தட்டு முழுக்கப் பஞ்சு மாதிரி வளரும், ஆனால் நோயைப் பரப்பும் வித்து (ஸ்போர்) சரியாக வராது. 12 மணி நேரம் நீள அலை புற ஊதா வெளிச்சம், அப்புறம் 12 மணி நேரம் இருட்டு, இப்படி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வெளிச்சம் வித்துக் காம்பைக் கிளப்பிவிடும், அதன் நுனியில் வித்து பிடிக்க இருட்டு வேண்டும். விதை நோய்ப் பரிசோதனைக் கூடங்களில் இது பழைய நடைமுறை.

அந்த விளக்குக்குக் கோப்பு அனுப்பினால் கொள்முதல் பிரிவில் "பூஞ்சைக்கு எதுக்கு தம்பி டிஸ்கோ லைட்டு" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஸ்வீட் கடைகளில் ஈ பிடிக்க மாட்டுவார்களே, அந்தப் பெட்டிக்கான குழல் விளக்கைச் சொந்தக் காசில் வாங்கி வேலையை முடித்தேன். உதவித்தொகையும் அப்போது மாசக்கணக்கில் வராது, ஆனால் மெஸ் பில் பாக்கி என்றால் மட்டும் மறுநாளே நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறிவிடும். சரி, விடுங்கள்.

"அப்போ அரிசியை ஏன் வெயிலில் காயவைக்கிறோம்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அங்கே ஈரம் போவதுதான் முக்கியம். கடும் வெயிலில் வித்துகள் சாவதே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆட்கள் இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய்க்குப் புற ஊதா சி என்ற குறுகிய அலை விளக்கையே அடிக்கிறார்கள், ஆனால் ராத்திரியில். பகலில் அடித்தால், சூரிய ஒளியில் இருக்கும் நீல நிறத்தை வைத்தே பூஞ்சை அடிபட்ட டிஎன்ஏவைப் பழுது பார்த்துக்கொள்ளும். பீட்ரூட் இலைப்புள்ளிப் பூஞ்சை இன்னும் மோசம், அது விடும் செர்கோஸ்போரின் என்ற நஞ்சு வெளிச்சம் பட்டால்தான் இலையைக் கொல்லும்.

தொட்டியை வெயிலில் வையுங்கள், தக்காளிக்கு அது எப்படியும் வேண்டும். ஆனால் சாயங்காலம் இலை மேல் தண்ணீர் தெளிப்பதை முதலில் நிறுத்துங்கள், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் வெயிலெல்லாம் வீண். காலையில் வேரில் ஊற்றுங்கள், புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் கிள்ளித் தூரப் போடுங்கள்.