லாங்டாக் மாகாண அவையை ‘மக்களவை’ என்று எழுதலாமா?

கேள்வி: புரட்சிக்கு முந்தைய பிரான்சின் லாங்டாக் மாகாண அவையைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுகிறேன். அங்கே சாமானியர் தரப்புக்குப் பாதி இடம், தலைக்கு ஒரு ஓட்டு என்று படித்தேன். அதை ‘மக்களவை’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்த கணக்கு சரிதான். ஆயர்களுக்கு 23, பிரபுக்களுக்கு 23, சாமானியர் தரப்பான மூன்றாம் பிரிவுக்கு 46 ஓட்டு. 1789 புரட்சியை ஒட்டி நாடே கேட்டுக் கொந்தளித்த இந்த இரண்டும், அதாவது பாதி இடமும் தலைக்கு ஒரு ஓட்டும், இங்கே நெடுங்காலமாக நடப்பில் இருந்தன. ஆனால் அந்த 46 ஓட்டையும் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் நகர நிர்வாகிகள். மக்கள் இதற்கென்று தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் அல்லர், வகித்த பதவியின் பேரில் வந்தவர்கள். பதினான்காம் லூயி காலத்தில் நகராட்சிப் பதவிகளையே அரசு விலைக்கு விற்றது. பிரபுக்களிலும் குறிப்பிட்ட பண்ணைகளுக்கு உரியவர்களுக்குத்தான் இடம். தலைமை எப்போதும் நார்போன் பேராயருக்கு.

அதற்காக வெறும் பொம்மை அவை என்றும் தள்ளிவிடாதீர்கள். கட்டுரையின் உயிர் வரி விதிப்பில் இருக்கிறது, அதற்கு நிறைய இடம் கொடுங்கள். மன்னர் ‘நன்கொடை’ என்ற பெயரில் ஒரு தொகை கேட்பார். அவை அதற்கு இசைந்து, மறைமாவட்டங்களுக்குப் பிரித்துவிடும். அங்கிருந்து ஊர்களுக்குப் போகும். ஒவ்வொரு ஊரிலும் ‘கொம்ப்வா’ என்ற நிலப் பதிவேடு: எந்த வயல், யாருடையது, எவ்வளவு பரப்பு, மண் எப்படி என்று எல்லாம் அதில் உண்டு. நேரடி வரியான ‘தாய்’ அதை வைத்தே விழும். சாமானிய நிலம் என்று பதிவான வயலைப் பிரபு வாங்கினாலும் அவர் வரி கட்டியாக வேண்டும். பாரிஸ் பக்கம் அப்படியில்லை. அங்கே ஆளைப் பார்த்து வரி, பிரபு என்றால் விலக்கு.

1632-இல் ஆளுநர் மோன்மொரென்சியின் கலகத்தோடு அவை சேர்ந்துகொண்டது. அவர் தலை போனது, பெசியே அரசாணை அவையின் அதிகாரத்தை வெட்டியது. 1649-இல் அந்த ஆணை ரத்தானது. பிற்பாடு மன்னர்கள் அவையை விட்டுவைத்ததற்குப் பணமும் ஒரு காரணம். மன்னரை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்கியவர்கள் அவையின் பெயரில் குறைந்த வட்டிக்குக் கொடுத்தார்கள். தென் பிரான்சில் வெட்டிய மிதி கால்வாய்க்கும் அவை பணம் போட்டிருக்கிறது.

ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் வடமேற்கு பிரான்சின் பிரித்தானி மாகாணத்தை எடுங்கள். அங்கே எந்தப் பிரபுவும் அவைக்கு வரலாம், ஓட்டோ தலைக்கல்ல, பிரிவுக்கு ஒன்று. 1789 ஜனவரியில் ரென் நகரத் தெருவில் மாணவர்களும் பிரபுக்களும் மோதிக்கொண்டதற்குப் பின்னால் இந்த ஓட்டு முறைச் சண்டைதான் இருந்தது.