பிளேட்லெட் 62,000: பல் பிடுங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. மூன்று வருடமாகக் கல்லீரல் சுருக்க நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக ரத்தம் பார்த்ததில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 62,000. ஆறு மாதத்துக்கு முன் 70,000 இருந்தது. பல் டாக்டர் தயங்குகிறார். சித்தி தினமும் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார். பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?
- ஒரு மகள், கும்பகோணம்

பதில்: குடியை விட்டதற்கு முதலில் அப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவர் கல்லீரலுக்கு அதைவிடப் பெரிய மருந்து எங்களிடம் கிடையாது.

இந்த எண்ணைப் பார்த்ததும் டெங்கு ஞாபகம் வருவது இயல்புதான். டெங்குவில் எண்ணிக்கை சில நாளில் சரியும், பிறகு தானாகவே ஏறிவிடும். அப்பாவுக்கு நடப்பது வேறு. இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய வழியில்லாமல் குடலிலிருந்து வரும் ரத்தம் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் மண்ணீரல் வீங்குகிறது. நல்ல உடம்பிலேயே பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். வீங்கிய மண்ணீரல் இன்னும் நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, அவற்றை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைந்துவிடும். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஸ்ப்ளீன்' (மண்ணீரல்) என்ற வரியைப் பாருங்கள். 13 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது. பப்பாளி இலை அந்த அழுத்தத்தைத் தொடாது. சித்தியின் அக்கறை புரிகிறது, ஆனாலும் நோயுற்ற கல்லீரலுக்கு அளவு தெரியாத பச்சிலைச் சாறு வேண்டாம்.

பல்லுக்கு வருகிறேன். 50,000-க்கு மேல் இருந்தால் பொதுவாக பிளேட்லெட் ஏற்றாமலே பிடுங்கலாம். ஏற்றினாலும் சில நாள்தான் தங்கும், அதிலும் ஒரு பகுதி மண்ணீரலுக்கே போய்விடும். பல் டாக்டரும் கல்லீரல் டாக்டரும் ஒரு முறை போனில் பேசிக்கொள்ளட்டும். ஒரு பல் மட்டும் எடுத்து, தையல் போட்டு, ரத்தம் நின்றதைப் பார்த்தபின் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.

என் கவலை பல் அல்ல. உங்கள் கடிதத்தில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பிளேட்லெட் இவ்வளவு இறங்கியிருந்தால் உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்க வாய்ப்பு உண்டு. அவை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் கார்வெடிலால் போன்ற மாத்திரையாலோ, எண்டோஸ்கோபி வழியாக வளையம் போட்டோ தடுத்துவிடலாம். இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் சேர்ந்திருந்தால், மாத்திரையாகத்தான் இருக்கும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.