பார்பி பொம்மைக் கம்பனி போட்ட வழக்கால்தான் அக்வா இசைக்குழு அழிந்ததா?

இல்லை. நீங்கள் அந்த ஒரு பாட்டை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள்.

'பார்பி கேர்ள்' 1997இல் வந்தது. அதே வருடம் பார்பி பொம்மையைச் செய்யும் மட்டெல் கம்பனி அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஆனால் குழு பிரிந்தது 2001இல். மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2002இல், அதுவும் பாட்டுக்குச் சாதகமாக. 2009இல் அதே மட்டெல், வரிகளை மாற்றி அந்தப் பாட்டைத் தன் விளம்பரத்துக்கே எடுத்தது. பிறகு எப்படி வழக்கு காரணமாகும்?

நான் டென்மார்க்கில் ஹேர்னிங்கில் வளர்ந்தவள். அக்வாவின் பாடகி லேன நோர்வேக்காரி, குழுவின் மற்ற மூவரும் டேனிஷ்காரர். ஜாய்ஸ்பீட் என்ற பெயரில் முதலில் விட்ட பாட்டு எடுபடவில்லை. பெயரை மாற்றித் திரும்பத் தொடங்கியவர்கள், இங்கிலாந்தில் அடுத்தடுத்து மூன்று பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது 'டேர்ன் பேக் டைம்', மெதுவான, சோகமான பாட்டு. ஒற்றைப் பாட்டுக் குழு என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைக் கேட்டீர்களா என்றுதான்.

1998இல் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட வாணி விழாவுக்கு நாங்கள் நாலு பெட்டையள் அக்வாவின் 'டொக்டர் ஜோன்ஸ்' பாட்டுக்கு ஆட்டம் பழகினோம். எனக்கு 13 வயது. எங்கட வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு மாதம். அம்மா நாலு பேருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை தைத்துத் தந்தா. மேடையில் முதல் பல்லவி முடியமுன் பாட்டை நிறுத்திவிட்டார்கள். "இது எங்கட கலாசாரம் இல்லை, இறங்குங்கோ பிள்ளையள்" என்று ஒலிவாங்கியில் சொன்னார் ஒருவர். அடுத்ததாக ஏறிய பெடியள் சினிமாப் பாட்டொன்றுக்கு இடுப்பை ஆட்டினார்கள், அவர்களுக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று யாராவது வரலாம். மதிக்கிறேன். ஆனால் பெடியளுக்கு ஒரு கலாசாரம், எங்களுக்கு ஒரு கலாசாரமா? இன்றைக்கும் எங்கள் மண்டபங்களில் இதுதான் நடக்கிறது.

அக்வாவுக்கு நடந்ததும் இதுதான் என்பது என் எண்ணம். 2000இல் வந்த 'அக்வேரியஸ்' தொகுப்பில் பலவிதமான இசையை முயன்றார்கள். அதை ஒழுங்காகக் கேட்கமுன்னமே பொம்மைப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிவிட்டார்கள். முதல் தொகுப்பு விற்றதுக்குக் கிட்டவும் அது வரவில்லை. ஓய்வில்லாத பயணங்களும் சேர்ந்து நாலு பேரையும் களைக்க வைத்தன. வழக்கு அல்ல.

2008இல் திரும்பச் சேர்ந்து மேடை ஏறினார்கள். நான் போனேன். 'டொக்டர் ஜோன்ஸ்' தொடங்கியதும் கைகள் தன்பாட்டில் அசைந்தன. அன்றைக்குத்தான் அந்த ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்தேன்.