ஆகஸ்ட் கியோட்டோ: ஒரு பகலை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரம் ஜப்பான் போகிறோம். கியோட்டோவுக்கு ஒரு நாள்தான். நான், கணவர், ஆறு வயதுப் பையன், 67 வயதில் பிபி மாத்திரை சாப்பிடும் என் அம்மா. ஃபுஷிமி இனாரி, கியோமிசு கோயில், பொற்கோயில், மூங்கில் காடு நாலையும் பார்த்துவிட நினைக்கிறோம். "மதுரை வெயிலையே பார்த்தவங்க, இதெல்லாம் என்ன?" என்கிறார் கணவர். முடியுமா?

பதில்: மதுரையில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு உங்கள் அம்மாவை யாராவது நாலு கிலோமீட்டர் நடக்கக் கூட்டிப்போவார்களா? ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருப்போம். சுற்றுலா போன ஊரில்தான் அதே மதியத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வெயில் நமக்குப் பழக்கம்தான். வெயிலில் நாள் முழுக்க நடப்பது பழக்கமில்லை.

கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். ஆகஸ்டில் 35 டிகிரி அங்கே சாதாரணம். 2018 ஜூலையில் 39.8 வரை போனது. அதோடு புழுக்கம். வேர்வை வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

எனவே நாலில் இரண்டை விட்டுவிடுங்கள். பொற்கோயில் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். மூங்கில் காடு ஊரின் மேற்குக் கோடி. இரண்டுக்கும் போய்வருவதிலேயே நல்ல நேரம் கழிந்துவிடும். என் அண்ணன் குடும்பத்தை ஒருமுறை மதியம் அந்த மூங்கில் காட்டுக்குக் கூட்டிப்போனேன். நிழல் இருந்தது, காற்று இல்லை. அண்ணன் பையன் ரயிலில் திரும்பும்போது வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு மதியத்தில் யாரையும் நான் வெளியே விடுவதில்லை.

காலை ஆறு மணிக்கு ஃபுஷிமி இனாரியில் இருங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜே.ஆர். நாரா லைனில் இரண்டாவது ஸ்டேஷன். கோயில் நாள் முழுக்கத் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்பு வாசல் வரிசை ஆரம்பத்திலேயே வந்துவிடும். மலையைச் சுற்றிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எல்லாம் கல்படி, அது வேண்டாம். பையன் ஓடட்டும், அம்மாவுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரும் திரும்பிவிடுங்கள். அப்புறம் கெய்ஹான் என்ற தனியார் ரயிலில் கியோமிசு-கோஜோ ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து மேட்டுக்கு டாக்சி. நாலு பேருக்கு ஒரு டாக்சி போதும். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கியோமிசுவும் ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது. ஒட்டோவா அருவியின் மூன்று தாரைகளில் நீண்ட காம்புக் கரண்டியால் தண்ணீர் பிடிப்பதைப் பையன் விடமாட்டான். பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

பத்தரையிலிருந்து நாலரை வரை ஏசி. கியோட்டோ ரயில்வே மியூசியம் உங்கள் பையனுக்காகவே கட்டியதுபோல இருக்கும்: நீராவி எஞ்சின்களிலிருந்து முதல் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வரை ஐம்பதுக்கு மேற்பட்ட வண்டிகள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஒரே ஸ்டேஷன், உமேகோஜி-கியோட்டோநிஷி. பொதுவாகப் புதன்கிழமை விடுமுறை, தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அக்வேரியமும் உண்டு. அம்மாவுக்கு அலுப்பாக இருந்தால் ரூமில் படுக்கட்டும், யாராவது ஒருவர் கூட இருங்கள்.

ஐந்தரைக்கு மேல் தெமாச்சியனாகி ஸ்டேஷன் பக்கத்து ஆற்றங்கரை. காமோ ஆற்றின் குறுக்கே ஆமை வடிவில் கற்கள் போட்டிருக்கிறார்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக் கடக்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் தண்ணீரில் அளைந்துகொண்டிருப்பார்கள். அம்மா கரையில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். மலைப்பக்கம் இடி இடித்தால் மட்டும் ஆற்றை விட்டு மேலே வந்துவிடுங்கள்.

குடிக்க முகிச்சா வாங்குங்கள். வறுத்த பார்லியில் போட்ட குளிர்ந்த பானம்; காஃபின் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாய்க்குப் பையன் முகம் சுளிப்பான், தீய்ந்த வாசனை வரும். மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். தெருவுக்குத் தெரு வெண்டிங் மெஷின் இருக்கிறது, குழாய்த் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். இருந்தாலும் ஊரிலிருந்தே நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப்போங்கள். கோடையில் கன்வீனியன்ஸ் கடைகளில் உறைய வைத்த பாட்டில் கிடைக்கும். துண்டில் சுற்றிக் கழுத்தில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும்; ஆனால் அது ஏசிக்கு ஈடாகாது. ஆளுக்கொரு குடையும் வேண்டும், கணவருக்கும் சேர்த்து. அங்கே இப்போது ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிக்கிறார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிபி மாத்திரைகளில் சில உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. அம்மாவின் மாத்திரை அந்த வகையா என்று கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அன்று நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு பேரை. ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டே வந்த பையன் திடீரென்று எதுவும் கேட்காமல் வந்தால் நிறுத்துங்கள். அம்மா "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்றால் அதை அப்படியே நம்பாதீர்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இருந்தால் உடனே ஏசிக்குள் கூட்டிப்போய், துணியைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த பாட்டிலை வையுங்கள். பேச்சு குழறினாலோ, தானாகத் தண்ணீர் குடிக்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 119-ஐ அழையுங்கள். ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. ஆஸ்பத்திரிக்கு உண்டு, இன்ஷூரன்ஸ் பேப்பரை ஹோட்டல் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.