அப்டேற்றோடு லோகோவில் நின்ற ரிவி: செலவு யாருடையது?

சகோதரம், உத்தரவாதம் முடிந்த இரண்டாம் மாதம், தானாக வந்த அப்டேற்றோடு ரிவி லோகோவிலேயே நிற்கிறது, திருகோணமலைக் கடையில் போர்ட் (உள்ளேயுள்ள பிரதான மின்சுற்றுப் பலகை) மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றீர்கள். இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றி, ரிவியிலுள்ள பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். சரிவராவிட்டால், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மொடலுக்குரிய மென்பொருளை எடுத்து, ஃபாற்32 (FAT32) முறையில் ஃபோமற் செய்த பென்ரைவில் ஏற்றிப் பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் வேண்டாம், போர்ட் முழுதாய்ப் போய்விடலாம்.

அதிலும் எழும்பாவிட்டால், பெரும்பாலும் மென்பொருள் பாதியில் நின்றிருக்கும், அல்லது மென்பொருளைச் சேமித்து வைக்கும் ஈஎம்எம்சி (eMMC) சிப் தேய்ந்துபோய் அப்டேற் எழுதும்போது கைவிட்டிருக்கும். முதலாவதுக்கு மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் போதும், இரண்டாவதுக்குச் சிப்பை மட்டும் மாற்றலாம். எது என்று வேலைத்தாளில் எழுதி வாங்குங்கள். "அப்டேற்றுக்கு முன் வேலை செய்தது" என்ற வரியும் அதில் கட்டாயம் வேண்டும்.

அப்டேற்றை அனுப்பியது தயாரிப்பாளர், அதனால் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. போனை மந்தமாக்கிய அப்டேற்றுகளுக்காக 2018இல் இத்தாலி, அப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் போட்டது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனாலும் கடிதத்தில் எழுதுங்கள். கடைக்கும் முகவருக்கும் பில் நகலோடு பதிவுத் தபால். 7 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். முறைப்பாட்டுக்குக் காலவரை உண்டு, இழுத்தடிக்க விடாதீர்கள். போர்ட் மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைத் திரும்ப வாங்கி வையுங்கள், அதுதான் சான்று.