குதிரைவாலி: அம்மாவுக்கு எங்கே வாங்குவது, எப்படிக் கொடுப்பது

வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை, டாக்டர் சீட்டில் 'சிறுதானியம், கீரை' என்று எழுதிவிட்டார், திருமங்கலம் கடைகளில் பாக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள்.

பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியில் குதிரைவாலி என்ற சிறுதானியம் விளைகிறது, உங்களுக்குப் பக்கம்தானே. புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்துத் தை வாக்கில் அறுப்பார்கள். அப்போது விவசாயியிடமே பேசி வாங்குங்கள். சிக்கல் உமி நீக்குவதில்தான். சாதாரண மாவு மில்லில் ஆகாது, சிறுதானியத்துக்கென்று மெஷின் வைத்திருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். தவிடு போகத் தீட்டச் சொல்லாதீர்கள். பளிச்சென்று வெள்ளையாக வந்தால் நார்ச்சத்து போய்விட்டது என்று அர்த்தம். தவிட்டோடு இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், அதனால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உமி நீக்கி வையுங்கள்.

குழையவிட்ட கஞ்சி வேண்டாம், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். உதிரியாகச் சோறு வடித்து, கீரையும் பருப்பும் தாராளமாகச் சேர்த்துக் கொடுங்கள். இதுவும் மாவுச்சத்துதான், ஆகவே அளவு முக்கியம் (விளம்பரங்கள் இதைச் சொல்லாது). கீரைக்கு உழவர் சந்தை போதும். 1999-இல் முதல் சந்தையே மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம், சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்றால் சோற்றளவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை ரொம்பத் தாழ்ந்தாலும் ஆபத்து.